சக்கரங்களின் நூற்றாண்டு – 19: கோழிச் சண்டையில் எழுந்த மதில்

சென்ற அத்தியாயத்தில் 1973ஆம் ஆண்டின் எண்ணெய் நெருக்கடியைப் பார்த்தோம். டொயோட்டா கொரோலாவும் ஹோண்டா சிவிக்கும் அமெரிக்கக் குடும்பங்களின் வாசலில் வந்து நின்ற கதை அது. டெட்ராய்ட்டின் மூன்று பெரிய நிறுவனங்களும் சொந்த மண்ணிலேயே சிறிய கார் சந்தையைப் பறிகொடுக்கத் தொடங்கின. அந்தச் சரிவு எங்கே போய் முடிந்தது தெரியுமா? 2018 ஏப்ரலில், மஸ்டாங்கையும் இன்னொரு மாடலையும் தவிர்த்து, வட அமெரிக்காவில் கார் விற்பனையையே படிப்படியாக நிறுத்தப் போவதாக ஃபோர்டு அறிவித்தது. மாடல் டி மூலம் சாமானியனைக் காரில் ஏற்றிய அதே ஃபோர்டு.

காரைக் கைவிட்ட நிறுவனம் எதை நம்பி நின்றது? எஃப்-சீரிஸ் பிக்கப் டிரக்கை. 2019ஆம் ஆண்டில் அமெரிக்காவில் மட்டும் இந்த ஒரு வரிசை வண்டிகள் ஈட்டிய வருவாய் சுமார் 4,200 கோடி டாலர். அதே ஆண்டில் மெக்டொனால்ட்ஸ் உலகம் முழுக்க ஈட்டிய மொத்த வருவாயைவிட இது அதிகம். கார் சந்தையில் அடிமேல் அடி வாங்கிய டெட்ராய்ட், பெரிய டிரக் சந்தையில் மட்டும் அசைக்க முடியாமல் நின்றது எப்படி? அதே டிரக்கை மின்சாரத்தில் ஓட்டப் பார்த்தபோது கோடிகளை இழந்தது ஏன்? இந்த இரண்டு கேள்விகளுக்கும் வேர் ஒன்றுதான். அது 1960களில், ஒரு கோழிச் சண்டையில் இருக்கிறது.

கோழியும் டிரக்கும்

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு அமெரிக்காவில் கோழி வளர்ப்பு, ஆலைத் தொழில் அளவுக்கு வளர்ந்தது. விலை மளமளவென்று இறங்கியது. மலிவான அமெரிக்கக் கோழி கப்பலேறி ஐரோப்பாவுக்குப் போனது. மேற்கு ஜெர்மனியிலும் பிரான்சிலும் இருந்த சிறு பண்ணைக்காரர்களால் அந்த விலைக்கு ஈடுகொடுக்க முடியவில்லை. 1962இல் ஐரோப்பியப் பொதுச் சந்தை நாடுகள் இறக்குமதிக் கோழி மீது வரியைக் கடுமையாக உயர்த்தின. அமெரிக்காவின் கோழி ஏற்றுமதி சரிந்தது.

கென்னடி அரசு பேசிப் பார்த்தது. பலனில்லை. 1963 நவம்பர் 22 அன்று கென்னடி சுட்டுக் கொல்லப்பட்டார். துணை அதிபராக இருந்த லிண்டன் ஜான்சன் அதிபரானார். இரண்டு வாரம்கூட ஆகவில்லை. டிசம்பர் 4ஆம் தேதி ஜான்சன் ஒரு பிரகடனத்தில் கையெழுத்திட்டார். உருளைக்கிழங்கு மாவுச்சத்து, டெக்ஸ்ட்ரின், பிராந்தி, இலகு ரக டிரக் ஆகிய நான்கு இறக்குமதிப் பொருள்களுக்கும் பதிலடி வரி. டிரக்குக்கு 25 சதவீதம்.

கோழிச் சண்டைக்குள் டிரக் எப்படி வந்தது? ஜெர்மனியின் ஃபோக்ஸ்வாகன் அப்போது தன் டைப்-2 வேனையும் அதன் பிக்கப் வடிவத்தையும் அமெரிக்காவில் விற்றுக்கொண்டிருந்தது. வாகனத் தொழிலாளர் சங்கத் தலைவர் வால்டர் ராய்தருக்கு அது கண்ணை உறுத்தியது. 1964இல் தேர்தல். அந்த நேரத்தில் வேலைநிறுத்தம் கூடாது என்பது ஜான்சனின் கவலை. சிவில் உரிமைத் திட்டத்துக்குத் தொழிற்சங்க ஆதரவும் அவருக்குத் தேவைப்பட்டது. டிரக் அந்தப் பட்டியலில் சேர்ந்ததன் பின்னணியில் இந்தப் பேரமும் இருந்ததை, வெகுகாலம் கழித்து வெளிவந்த வெள்ளை மாளிகை ஒலிப்பதிவுகள் காட்டின.

இங்கே ஒரு சட்ட நுணுக்கம் உண்டு. அன்றைய உலக வர்த்தக ஒப்பந்த விதிப்படி இந்த வரியை ஜெர்மனிக்கு மட்டும் என்று போட முடியாது. எல்லா நாட்டு டிரக்குக்கும் போட வேண்டும். அதனால் கோழி விவகாரத்தில் எந்தச் சம்பந்தமும் இல்லாத ஜப்பானும் இதில் மாட்டிக்கொண்டது. பிராந்தி மீதும் மாவுச்சத்து மீதும் போட்ட வரிகள் பின்னாளில் நீங்கின. டிரக் மீதான 25 சதவீதம் நீங்கவே இல்லை.

மதிலுக்குள் செழித்த சந்தை

வரி வந்ததும் ஓட்டை தேடும் வேலையும் தொடங்கியது. பின்தொட்டி இல்லாத, கேபினும் அடிச்சட்டமும் மட்டும் கொண்ட வண்டிக்கு வரி 4 சதவீதம்தான். அப்படியே கப்பலில் கொண்டுவந்து, அமெரிக்கத் துறைமுகத்தில் தொட்டியைப் பூட்டி விற்றார்கள். இதைச் செய்ததில் ஜப்பான் நிறுவனங்கள் மட்டுமில்லை, டெட்ராய்ட்டும் உண்டு. மஸ்டா தயாரித்த சிறிய டிரக்கை ஃபோர்டு 'கூரியர்' என்ற பெயரிலும், இசுஸு தயாரித்ததை ஜெனரல் மோட்டார்ஸ் 'லவ்' என்ற பெயரிலும் 1972 முதல் இப்படித்தான் விற்றன. சுபாரு தன் 'பிராட்' வண்டியின் திறந்த தொட்டியில் இரண்டு இருக்கைகளைப் பற்றவைத்து, இது பயணிகள் வாகனம் என்று சொல்லித் தப்பியது.

1980இல் கேபின்-அடிச்சட்ட ஓட்டை அடைக்கப்பட்டது. நிசான் வேறு வழி தேடியது. டென்னசி மாநிலத்தின் ஸ்மிர்னாவில் ஆலை கட்டியது. 1983 ஜூனில் அங்கிருந்து வெளிவந்த முதல் வண்டி ஒரு வெள்ளை நிற பிக்கப் டிரக். வரியிலிருந்து தப்ப அமெரிக்காவிலேயே கட்ட வேண்டும் என்ற பாடத்தை எல்லோரும் படித்துக்கொண்டார்கள். ஆனால் அப்படிக் கட்டியவையெல்லாம் சிறிய டிரக்குகள். முழு அளவு டிரக் என்ற கோட்டைக்குள் யாரும் நுழையவில்லை.

அதே காலத்தில் சட்டமும் டிரக்குக்குச் சாதகமாகத் திரும்பியது. 1975இல் வந்த எரிபொருள் சிக்கனச் சட்டம் கார்களுக்குக் கடுமையான இலக்கு வைத்தது. இலகு ரக டிரக்குகளுக்குத் தனியாக, தளர்வான இலக்கு. ஃபோர்டு எஃப்-150 பிறந்த கதையும் இதோடு சேர்ந்ததுதான். 1975 மாடலாக வந்த அந்த டிரக்கின் சுமையோடு கூடிய மொத்த எடையை 6,000 பவுண்டுக்குச் சற்று மேலே நிர்ணயித்தார்கள். அந்த எல்லையைத் தாண்டிய வண்டிகளுக்குப் புதிய புகைக் கட்டுப்பாட்டு விதிகளிலிருந்து விலக்கு இருந்தது. 1977 முதல் எஃப்-சீரிஸ்தான் அமெரிக்காவில் அதிகம் விற்கும் டிரக். 1980களின் தொடக்கத்திலிருந்து, கார் உட்பட எல்லா வாகனங்களிலும் முதலிடம் அதற்கே.

வெளியாள் இல்லாத களத்தில் மூன்று நிறுவனங்களும் தங்களுக்குள் மோதிக்கொண்டன. 1994 மாடல் டாட்ஜ் ராம், நெடுஞ்சாலை லாரியின் முகத்தைப் பிக்கப்புக்குக் கொண்டுவந்தது. உயர்ந்த பானெட், அகன்ற கிரில். விற்பனை ஒரே ஆண்டில் இரண்டு மடங்குக்கு மேல் எகிறியது. அதன் பிறகு ஃபோர்டும் ஜெனரல் மோட்டார்ஸின் செவ்ரலேயும் தங்கள் டிரக்குகளின் முகத்தை உயர்த்திக்கொண்டே போயின. நான்கு கதவு கேபின் வந்தது. தோல் இருக்கை வந்தது. டெக்சாஸின் புகழ்பெற்ற மாட்டுப் பண்ணையான கிங் ராஞ்ச் பெயரில் ஃபோர்டு ஒரு ஆடம்பர வகையையே இறக்கியது. வைக்கோலும் சிமென்ட் மூட்டையும் ஏற்றிய வண்டி, மருத்துவரும் வழக்கறிஞரும் வேலைக்கு ஓட்டிப்போகும் வண்டியானது. விலை ஏற ஏற, ஒவ்வொரு டிரக்கிலும் பல ஆயிரம் டாலர் லாபம் நின்றது.

2015 மாடல் எஃப்-150இன் உடலை ஃபோர்டு அலுமினியத்தில் செய்தது. வண்டியின் எடை 700 பவுண்டு வரை, அதாவது சுமார் 300 கிலோ குறைந்தது. செவ்ரலே சும்மா இருக்குமா? 2016இல் ஒரு விளம்பரம் எடுத்தது. மண்வாரி இயந்திரத்தின் வாளியிலிருந்து 825 பவுண்டு கட்டடக் கற்களைத் தன் எஃகுத் தொட்டியிலும், ஃபோர்டின் அலுமினியத் தொட்டியிலும் கொட்டியது. ஒன்றில் கீறலும் நெளிவும், மற்றதில் ஓட்டை. அந்த விளம்பரத்தைப் பார்த்தும் ஃபோர்டு வாங்குபவர்கள் ஃபோர்டையே வாங்கினார்கள். தந்தை ஓட்டிய பிராண்டையே மகனும் ஓட்டும் சந்தை அது.

அந்த விசுவாசத்தில் டொயோட்டாவே மோதி நின்றது. 1992இல் ஜப்பானிலிருந்து வந்த டி-100, 25 சதவீத வரியையும் சுமந்தது. வி-8 எஞ்சினும் அதில் இல்லை. 1999இல் இண்டியானா ஆலையிலிருந்து டன்ட்ரா வந்தது. 2006இல் டெக்சாஸின் சான் அன்டோனியோவிலேயே, டிரக் தேசத்தின் நடுவில், டொயோட்டா புதிய ஆலை திறந்தது. 2008இல் பெட்ரோல் விலை கேலனுக்கு 4 டாலரைத் தாண்டியதும் அந்த ஆலையில் டன்ட்ரா உற்பத்தியை மூன்று மாதம் நிறுத்த வேண்டியதாயிற்று. டன்ட்ரா தாக்குப்பிடித்தது, ஆனால் டெட்ராய்ட்டை அசைக்கவில்லை. நிசான் டைட்டன் இருபதாண்டு போராடி 2024இல் களத்தை விட்டே போனது.

மின்சாரம் வேறு பாதையில் வந்தது

மின்சார கார் டெட்ராய்ட்டுக்குப் புதிது என்று நினைக்க வேண்டாம். 1990இல் கலிஃபோர்னியா மாநிலம், புகையே இல்லாத வாகனங்களையும் குறிப்பிட்ட பங்கு விற்றாக வேண்டும் என்று உத்தரவிட்டது. 1996இல் ஜெனரல் மோட்டார்ஸ் இவி-1 காரை இறக்கியது. மொத்தம் 1,117 கார்கள், எல்லாமே குத்தகைக்கு. ஃபோர்டு தன் சிறிய ரேஞ்சர் பிக்கப்பை மின்சாரத்தில் ஓட்டிக் காட்டியது. உத்தரவு தளர்ந்ததும் ஆர்வமும் தளர்ந்தது. பெரும்பாலான இவி-1 கார்கள் திரும்பப் பெறப்பட்டு நசுக்கப்பட்டன. அதே ஆண்டுகளில் பெரிய டிரக்கில் லாபம் கொழித்துக்கொண்டிருந்தது. சிறிய மின்சார காரில் மூளையையும் முதலையும் போட யாருக்கும் அவசரம் இருக்கவில்லை.

அவசரம் இருந்தவர்கள் வெளியே இருந்தார்கள். 2003இல் மார்ட்டின் எபர்ஹார்டும் மார்க் டார்பெனிங்கும் டெஸ்லாவைத் தொடங்கினார்கள். பிறகு எலான் மஸ்க் பணத்தோடு வந்து தலைமையை எடுத்துக்கொண்டார். கலிஃபோர்னியாவின் ஃப்ரீமான்ட்டில் ஜெனரல் மோட்டார்ஸும் டொயோட்டாவும் கூட்டாக நடத்திய ஆலை 2010 ஏப்ரலில் மூடப்பட்டது. அங்கே கொரோலா காரும் டகோமா பிக்கப்பும் தயாராகிவந்தன. டகோமா டெக்சாஸுக்கு இடம்பெயர்ந்தது. காலியான ஆலையை 4.2 கோடி டாலருக்கு வாங்கிய டெஸ்லா, 2012இல் அங்கிருந்து மாடல்-எஸ் காரை வெளியிட்டது. பேட்டரிக்கு ஏற்ற வண்டி எது என்று யோசித்து, தரையோடு ஒட்டி, காற்றைக் கிழித்துப் போகும் வடிவில் செய்த கார் அது. பழைய வண்டி எதையும் காப்பாற்ற வேண்டிய கட்டாயம் டெஸ்லாவுக்கு இல்லை.

டெட்ராய்ட்டுக்கு அந்தக் கட்டாயம் இருந்தது.

ரயிலை இழுத்த டிரக்

2019 ஜூலையில் ஃபோர்டு ஒரு வீடியோவை வெளியிட்டது. தண்டவாளத்தில் பத்து இரட்டை அடுக்கு ரயில் பெட்டிகள். முன்னால் சோதனை நிலையில் இருந்த மின்சார எஃப்-150. தலைமைப் பொறியாளர் லிண்டா ஜாங் அதை ஓட்ட, 10 லட்சம் பவுண்டுக்கு மேற்பட்ட, அதாவது நான்கரை லட்சம் கிலோவைத் தாண்டிய அந்த ரயிலை அது 1,000 அடி இழுத்தது. பிறகு அந்தப் பெட்டிகளில் 42 எஃப்-150 டிரக்குகளை ஏற்றி மறுபடியும் இழுத்தது.

மின்மோட்டாரின் வலிமைக்கு அந்தக் காட்சி நியாயமான சாட்சி. நின்ற இடத்திலிருந்தே முழு முறுக்குவிசையையும் தரக்கூடியது மின்மோட்டார். ஆனால் இழுக்கும் வலிமை மோட்டாரில் இருக்கிறது. இழுத்துக்கொண்டு போகும் தூரம் பேட்டரியில் இருக்கிறது. 1,000 அடியில் அந்த வேறுபாடு தெரியாது. 300 கிலோமீட்டரில் தெரியும்.

கணக்கைப் பார்ப்போம். 2022இல் விற்பனைக்கு வந்த எஃப்-150 லைட்னிங்கின் பெரிய பேட்டரியில் 131 யூனிட் மின்சாரம் கொள்ளும். சுமார் 15 லிட்டர் பெட்ரோலில் அடங்கியிருக்கும் ஆற்றல் அது. பெட்ரோல் எஃப்-150க்கு 136 லிட்டர் டேங்க்கூடக் கிடைக்கும். பெட்ரோல் எஞ்சின் தன் ஆற்றலில் பெரும்பகுதியைச் சூடாக வீணாக்குகிறது. மின்மோட்டார் மிகக் கொஞ்சமே வீணாக்குகிறது. அதனால்தான் அந்தச் சிறு கையிருப்பிலும் காலி வண்டி 500 கிலோமீட்டர் போகிறது. ஆனால் பின்னால் ஒரு பெரிய டிரெய்லரை மாட்டினால் தூரம் பாதியாக, சில நேரம் அதற்கும் கீழாக இறங்கிவிடும். பெட்ரோல் வண்டிக்கும் மைலேஜ் குறையும்தான். அது ஐந்து நிமிடத்தில் டேங்கை நிரப்பிக்கொண்டு கிளம்பிவிடும். மின்சார டிரக் வேக சார்ஜரில்கூட முக்கால் மணி நேரம் நிற்க வேண்டும். பல சார்ஜிங் நிலையங்களில் டிரெய்லரோடு உள்ளே போகவே முடியாது. கழற்றி ஓரமாக நிறுத்தி, சார்ஜ் ஏற்றி, மறுபடி மாட்ட வேண்டும். டிரக்கை டிரக்காகப் பயன்படுத்துபவனுக்குத்தான் இந்தச் சிரமம் முழுதாகத் தெரியும்.

தூரத்தைக் கூட்ட இன்னும் பெரிய பேட்டரி வைக்கலாமே? ஜெனரல் மோட்டார்ஸ் வைத்துப் பார்த்தது. 2021 இறுதியில் வந்த ஜிஎம்சி ஹம்மர் மின்சார டிரக்கின் எடை 4,000 கிலோவைத் தாண்டியது. அதில் பேட்டரி மட்டும் சுமார் 1,300 கிலோ. கிட்டத்தட்ட ஒரு ஹோண்டா சிவிக் காரின் எடை. பேட்டரியின் எடையைச் சுமக்கவே பேட்டரி வேண்டியதாயிற்று. விலையும் அதற்கேற்ப ஏறியது.

லைட்னிங்கின் நல்ல பக்கத்தையும் சொல்லியாக வேண்டும். 2021 பிப்ரவரியில் டெக்சாஸ் பனிப்புயலில் மின்சாரம் போனபோது, ஜெனரேட்டர் வசதி கொண்ட ஹைப்ரிட் எஃப்-150 டிரக்குகளை மக்களுக்குக் கடனாகக் கொடுக்கும்படி ஃபோர்டு தன் டீலர்களைக் கேட்டுக்கொண்டது. லைட்னிங் அதையும் தாண்டியது. மின்தடை நாளில் ஒரு வீடு முழுவதையும் தாங்கக்கூடிய டிரக் அது. 2021 மே மாதம் அறிமுகமானபோது தொடக்க விலை 39,974 டாலர் என்றார்கள். 100 டாலர் முன்பணத்தோடு ஏறக்குறைய 2 லட்சம் பேர் பதிவு செய்தார்கள். ஆர்வம் பொய்யில்லை. விலைதான் நிற்கவில்லை. பேட்டரி மூலப்பொருள்கள் விலையேற, 2023 மார்ச்சுக்குள் தொடக்க விலை 60,000 டாலரைத் தொட்டது. அதன்பின் குறைத்துப் பார்த்தும் பதிவு செய்தவர்களில் பலர் திரும்பி வரவில்லை. 2024இல் விற்றது 33,510 லைட்னிங். அதே ஆண்டில் எஃப்-சீரிஸ் மொத்த விற்பனை ஏழரை லட்சத்துக்கு மேல்.

டெஸ்லாவும் இந்தப் பாறையில்தான் முட்டியது. 2019 நவம்பரில் தன் மின்சார பிக்கப்பான சைபர்டிரக்கை 39,900 டாலர் என்று அறிவித்தது. 2023 இறுதியில் வண்டி கைக்கு வந்தபோது, வாங்கக் கிடைத்த வகைகள் 80,000 டாலரிலிருந்து தொடங்கின. 2025 மார்ச்சில் வெளிப்புற எஃகுத் தகடு கழன்று விழும் குறைக்காக 46,096 வண்டிகள் திரும்ப அழைக்கப்பட்டன. அதுவரை தயாரான சைபர்டிரக்குகள் கிட்டத்தட்ட அத்தனையும் அந்த எண்ணிக்கைக்குள் அடக்கம். 10 லட்சத்துக்கு மேல் முன்பதிவு என்று பேசப்பட்ட வண்டி அது.

பின்வாங்கல்

2025 செப்டம்பரில் மூன்று செய்திகள் அடுத்தடுத்து வந்தன. ராம் தன் முழு மின்சார டிரக் திட்டத்தைக் கைவிட்டது. எஃப்-150 உடலுக்கு அலுமினியம் தரும் ஃபோர்டின் முக்கிய சப்ளையரின் ஆலை தீப்பிடித்தது. அந்த மாதக் கடைசியோடு மின்சார வாகனத்துக்கான 7,500 டாலர் மத்திய வரிச் சலுகையும் முடிந்தது. டிசம்பர் 15 அன்று, முழு மின்சார லைட்னிங்கை நிறுத்துவதாக ஃபோர்டு அறிவித்தது. அடுத்த லைட்னிங்கில் பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்ற ஒரு பெட்ரோல் எஞ்சினும் இருக்கும். இந்தத் திருப்பத்துக்காக ஃபோர்டு கணக்கில் எழுதிய இழப்பு 1,950 கோடி டாலர்.

இதே ஆண்டுகளில் பசிபிக்கின் மறுகரையில் சீன நிறுவனங்கள் சிறிய, மலிவான மின்சார கார்களில் தேர்ந்துகொண்டிருந்தன. 2025இல் பிஒய்டி, முழு மின்சார கார் விற்பனையில் டெஸ்லாவை முந்தியது. ஃபோர்டின் தலைமைச் செயல் அதிகாரி ஜிம் ஃபார்லி, சீனாவின் ஷவோமி மின்சார காரை வரவழைத்து ஆறு மாதம் ஓட்டிப் பார்த்ததாகவும், திருப்பிக் கொடுக்க மனமில்லை என்றும் வெளிப்படையாகச் சொன்னார். அமெரிக்க அரசின் பதில் மறுபடியும் மதில்தான். 2024 செப்டம்பர் முதல் சீன மின்சார கார்களுக்கு 100 சதவீத வரி.

ஃபோர்டு இப்போது வேறொன்றையும் செய்கிறது. கலிஃபோர்னியாவில், டெஸ்லாவிலிருந்து வந்தவர்களையும் சேர்த்து ஒரு சிறிய குழுவை அமைத்து, எடையையும் பாகங்களின் எண்ணிக்கையையும் குறைத்த புதிய அடித்தளத்தை உருவாக்கியிருக்கிறது. அதில் கட்டப்படும் நடுத்தர அளவு மின்சார பிக்கப், சுமார் 30,000 டாலரில் 2027இல் வரும் என்று அறிவித்திருக்கிறது. இந்த அடக்கமான வண்டியில்தான் ஃபோர்டு முதலில் தொடங்கியிருக்க வேண்டும்.

ஜான்சன் போட்ட வரி டெட்ராய்ட்டைக் காப்பாற்றியதா என்று கேட்டால், அரை நூற்றாண்டு காப்பாற்றியது என்பதே நேர்மையான பதில். தொழிலாளர்களின் சம்பளத்தையும், பென்ஷனையும், மிச்சிகன், கென்டக்கி, மிசௌரி ஊர்களின் வாழ்க்கையையும் அது தாங்கிப் பிடித்தது. அதைக் குறைத்துப் பேசக் கூடாது. ஆனால் அதே பாதுகாப்பு, பெரிய வண்டியில் மட்டுமே லாபம் உண்டு என்ற பழக்கத்தை மூன்று நிறுவனங்களின் எலும்பு வரை ஏற்றிவிட்டது. எடை குறையக் குறையப் பலன் தருவது பேட்டரி. எடை ஏற ஏற லாபம் பார்த்தவர்கள் அதைக் கையில் எடுத்தபோது, தங்களிடம் இருந்ததிலேயே மிகப் பெரிய வண்டியில் கொண்டுபோய் வைத்தார்கள். போட்டியைத் தடுக்கும் வரி ஒரு தொழிலுக்குக் கால அவகாசத்தை மட்டுமே வாங்கித் தரும். அந்த அவகாசத்தில் கற்றுக்கொள்ளாத நிறுவனத்தை எந்த வரியாலும் நெடுநாள் காப்பாற்ற முடியாது.

(தொடரும்)